நாலு குரல், ஒரு ஆம்லெட்: பிஸேயின் ‘லெ தொக்தர் மிராக்கிள்’

நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தக் குட்டி ஓபரெட்டாவில் (பேச்சும் பாட்டும் கலந்த வேடிக்கை இசை நாடகம்) அசல் சரக்கு என்பது நடுவில் வரும் ஆம்லெட் பாட்டுத்தான். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் இலை போடுவதும் அதற்குப் பின்னால் இலை எடுப்பதும். அதற்காக நேரே அந்தப் பாட்டுக்குத் தாவிவிட வேண்டாம். இலை போடாமல் பரிமாறினால் எந்தச் சாப்பாடும் ருசிக்காது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிஸே என்றால் எல்லோருக்கும் ‘கார்மென்’ ஓபரா ஞாபகம் வரும். அந்த 1875ஆம் ஆண்டுப் பிஸேயை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். இதை எழுதியபோது அவருக்குப் பதினெட்டு வயது. இசைக் கல்லூரி மாணவர். அதற்கு முந்தின ஆண்டு, 1855இல், ஒரு சிம்பொனியை எழுதி மேசைக்குள் போட்டு வைத்திருந்தார். அது 1935இல்தான் முதன்முதலாக மேடை ஏறியது. அந்த சி மேஜர் சிம்பொனியைக் கேட்டு ரசித்தவர்களுக்கு இந்த ஓபரெட்டாவின் முன்னிசை, அதாவது திரை விலகுமுன் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும் இசை, தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல இருக்கும். அதே துள்ளல், அதே கச்சிதம், இத்தாலிய ஓபரா மேதை ரோசினியிடம் கைமாற்று வாங்கியதை மறைக்காத அதே கூச்சமின்மை.

கதை பழைய சரக்கு. அயர்லாந்தில் பிறந்த நாடக ஆசிரியர் ஷெரிடன் 1775இல் லண்டன் மேடைக்கு எழுதிய ‘செயின்ட் பேட்ரிக்ஸ் டே’ என்ற கேலிக்கூத்தை பிரெஞ்சு வசனகர்த்தாக்கள் லெயோன் பத்தூவும் லுதோவிக் அலேவியும் எடுத்து, இத்தாலியின் பாதுவா நகரத்துக்குக் குடிபெயர்த்தார்கள். ஷெரிடனின் லொரெட்டா இங்கே லொரெத் ஆகிவிட்டாள். அவளுடைய அப்பா ஊரின் பொதெஸ்தா, அதாவது நகர நீதிபதி. பட்டாளத்துக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருப்பவர். லொரெத் காதலிப்பதோ கேப்டன் சில்வியோவை. ஒருநாள் வீட்டு வாசலில் டாக்டர் மிராக்கிள் என்ற லேகிய வியாபாரி வாத்தியம் முழங்க வந்து இறங்குகிறார். அப்பாவுக்குச் சந்தேகம், எரிச்சல். பிறகு பாஸ்கென் என்று ஒரு மக்குவேலைக்காரன் வந்து சேருகிறான். அவன் செய்து கொண்டுவரும் ஆம்லெட்டை வாயில் வைக்க முடியவில்லை. பெரியவர்கள் நகர்ந்ததும் பாஸ்கென்தான் சில்வியோ என்று லொரெத்துக்குத் தெரியவருகிறது. அப்பா திரும்பி வந்து கையும் களவுமாகப் பிடித்து வெளியே துரத்துகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு கடிதம்: நீங்கள் சாப்பிட்ட ஆம்லெட்டில் விஷம். அலறியடித்து டாக்டர் மிராக்கிளைக் கூப்பிடுகிறார்கள். டாக்டர் லத்தீனில் பொழிந்து தள்ளுகிறார். உயிரைக் காப்பாற்றப் பெண்ணைக் கூலியாகக் கேட்கிறார். அப்பா கையெழுத்துப் போட்டுவிடுகிறார். டாக்டரும் சில்வியோதான் என்பதும் விஷமே இல்லை என்பதும் அப்புறம் வெளிவருகிறது. அவ்வளவுதான். நம் பழைய நாடகக் கொட்டகை ரசிகர்களுக்கு விளக்கமே வேண்டாம். கள்ளபார்ட்டும் கோமாளியும் ஒரே ஆள் என்றால் புரிந்துவிடும்.

மேடையில் ஏன் நாலு பேர் மட்டும்? கோரஸ் ஏன் இல்லை? சிக்கனம் ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம். ஓபரெட்டா இசையமைப்பாளர் ஜாக் ஆஃபன்பாக் 1855 ஜூலை 5ஆம் தேதி பாரிஸில் பூஃப் பாரிஸியான் என்ற தன் சிறு அரங்கைத் திறந்தபோது, மேடையில் எத்தனை பாத்திரங்கள் வரலாம் என்பதற்கு உரிமத்திலேயே வரம்பு இருந்தது. பெரிய அரசு அரங்குகளின் பிழைப்பைச் சின்ன அரங்குகள் கெடுத்துவிடக் கூடாது என்ற ஏற்பாடு. இரண்டு மூன்று பேரில் தொடங்கி, பிறகு நாலு பேர் வரைக்கும் அனுமதி நீண்டது. 1857 பிப்ரவரியில் வந்த ‘க்ரோக்ஃபேர்’ நாடகத்தில் ஆஃபன்பாக் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்தார். ஆனால் போரில் நாக்கை இழந்த வீரன் என்று சொல்லி, வசனத்துக்குப் பதில் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்ட வைத்தார். உரிமம் கொடுத்தவர்களையே மேடையில் வைத்துக் கேலி செய்த துணிச்சல் அது. இந்தக் கட்டுப்பாடு 1858இல்தான் நீங்கியது. அந்த ஆண்டு இறுதிக்குள் அவருடைய ‘நரகத்தில் ஆர்ஃபியஸ்’ மேடை ஏறிவிட்டது, தேவர்கள் கூட்டம் சகிதமாக.

பிஸேயின் நாடகம் பிறந்தது இதற்கு நடுவில், ஒரு போட்டியில். 1856 ஜூலையில் ஆஃபன்பாக் இளம் இசையமைப்பாளர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார். ‘ஒபேரா கொமிக்’ என்ற பிரெஞ்சு இசை நாடக வகை தொடக்கத்தில் சின்னதாக, கலகலப்பாக இருந்தது; பிற்பாடு ஊதிப் பெருத்துவிட்டது; பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய வாதம். அரங்குக்கு விளம்பரம் என்பதும் உள்ளே இருந்த கணக்கு. எழுபத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். அதிலிருந்து ஆறு பேரை வடிகட்டி, ஆறு பேர் கையிலும் ஒரே நாடகப் பிரதியைக் கொடுத்தார்கள். நாலு பாத்திரம், முப்பதுக்கு மிகாத ஆர்க்கெஸ்ட்ரா, முக்கால் மணி நேர அளவு. ஓபேர் தலைமையில் உட்கார்ந்த நடுவர் குழுவில் குனோ, ஆம்ப்ருவாஸ் தொமா, ஃப்ரொமான்தால் அலேவி (வசனம் எழுதிய லுதோவிக்கின் பெரியப்பா) போன்ற பெரிய தலைகள். முடிவு எட்டவில்லை, பரிசை பிஸேக்கும் ஷார்ல் லெகோக் என்பவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 1857 ஏப்ரல் 8ஆம் தேதி லெகோக்கின் வடிவம் மேடை ஏறியது. மறுநாள் ஏப்ரல் 9, அதே வசனம், அதே கதை, பிஸேயின் இசை. இரண்டும் தலா பதினோரு முறை மேடை ஏறின.

ஆக, இது ஒரே தேர்வுத்தாளுக்கு எழுதிய இரண்டு விடைத்தாள்களில் ஒன்று. அப்படிக் கேட்டால் அதன் பலமும் பலவீனமும் பளிச்சென்று தெரியும். பிஸே எந்த இடத்தில் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டச் சந்தர்ப்பம் பார்க்கிறார், எந்த இடத்தில் சும்மா இருக்கத் தெரியாமல் இன்னொரு வளைவு வளைக்கிறார் என்பதெல்லாம் காதில் விழும். தனக்குப் பாதிப் பரிசுதான் என்பது லெகோக்குக்குக் கடைசிவரை உறுத்தியது. பிஸேயின் இசை கனமாக இருந்தது, சின்னப் பாட்டுகளில் கோட்டை விட்டார் என்பது அவர் கட்சி. நடுவர் குழுவில் இருந்த அலேவி, பிஸேயின் ஆசிரியர் என்பதையும் அவர் மறக்கவில்லை. லெகோக்கின் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. கனம் என்பது உண்மை. ஆனால் இந்த நாடகத்தில் மிகப் பெரிய சிரிப்பு எழுவதும் அந்தக் கனத்தால்தான்.

தொடக்கத்தில் வரும் மூவர் பாட்டு: வெளியே லேகிய வியாபாரியின் ஆரவாரம், உள்ளே அப்பா, அவர் மனைவி வெரோனிக், மகள். ஒவ்வொருவரும் ஒரு மாதிரி பதறுகிறார்கள். வேலை நடக்கிறது, அவ்வளவுதான். பிஸே என்று பெயர் போடாவிட்டால் யார் எழுதியது என்று கேட்கத் தோன்றாது. அடுத்து லொரெத்தின் பாட்டு, ‘அதற்காக என்னைத் திட்டாதீர்கள்’ என்று கெஞ்சும் பாட்டு. இதுதான் மொத்த நாடகத்திலும் மெட்டு அழகுக்காகத் தனியே கேட்கக்கூடிய இடம். பாடகி குரலைக் காட்ட முனைந்தால் கெடும். அப்பாவிடம் காரியம் சாதிக்கும் பெண்ணின் குழைவு மட்டும் போதும்.

பாஸ்கென் வேலைக்கு வந்து தன் தகுதிகளைப் பட்டியல் போடும் பாட்டு, ‘எனக்கு மாடிப்படி ஏறத் தெரியும்’ என்று ஆரம்பிக்கிறது. வேலைக்கு மனுப் போடுபவன் படி ஏறத் தெரியும் என்பதையே பெரிய வித்தையாகச் சொல்லிக்கொள்கிறான். இதில் டெனர் (உச்சக்குரல் ஆண்) பாடகருக்கு வரும் சோதனை குரல் வளம் சார்ந்தது கிடையாது. காதலன் குரலை ஒளித்துவைத்து, மூக்கடைத்த மக்குக்குரலில் பாட வேண்டும்; ஆனால் சுருதி நழுவக் கூடாது. பலர் கோமாளிக் குரல் என்றதும் சுருதியையும் சேர்த்துக் கோமாளியாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், பின்னால் வரும் காதல் பாட்டில் அதே ஆள் அசல் குரலுக்குத் திரும்பும்போது அரங்கத்தில் எழ வேண்டிய அந்த ‘அட!’ எழாது. வெறும் நல்ல குரல் வந்ததே என்ற நிம்மதிதான் எழும்.

இனி ஆம்லெட். பாஸ்கென் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறான். ‘இதோ ஆம்லெட்’ என்கிறார்கள். பிரெஞ்சில் ‘வுவாசி லோமெலெத்’. சொல்லும் தோரணை இருக்கிறதே, கோயில் கர்ப்பக்கிரகத்தில் திரை விலகும் தோரணை. பெரிய ஓபராக்களில் ராஜா முடிசூடும்போதும், தெய்வத்தின் முன் சபதம் எடுக்கும்போதும் நாலைந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் மெதுவான கூட்டுப்பாட்டு வருமே, அந்த அச்சை அப்படியே எடுத்து மூன்று முட்டைக்குப் போட்டிருக்கிறார் பிஸே. அப்புறம் ருசி பார்க்கிறார்கள். முகம் மாறுகிறது. இசையும் வேகம் பிடிக்கிறது.

இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வசனத்தில் இல்லை; ஆம்லெட் வந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. இசையில் தனியாகவும் இல்லை. வார்த்தைகளை எடுத்துவிட்டுக் கேட்டால் நல்ல பிள்ளையாக எழுதிய நாலுகுரல் இசை. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் அருகருகே நடப்பதில்தான் விளையாட்டு. அதனால்தான் பாடுபவர்கள் துளிகூடச் சிரிக்கக் கூடாது. ஒருவர் அரங்கத்தைப் பார்த்துக் கண்ணடித்தால் போதும், பாட்டு சரிந்துவிடும். நாலு பேரின் கண்ணும் தட்டின்மேல் இருக்க வேண்டும். வேறெங்கும் இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர்கூடப் பார்க்கக் கூடாது. அடுத்தவர் முகத்தைப் பார்த்த கணத்தில் ‘நாங்கள் வேடிக்கை காட்டுகிறோம்’ என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இன்னொரு பிழை, ஆரம்பத்திலேயே வேகமாகப் போவது. நகைச்சுவைப் பாட்டுதானே என்று பியானோக்காரர் விறுவிறுப்பாகத் தொடங்கினால், பிற்பாதியில் வேகம் கூட்ட இடம் இருக்காது. மெதுவான பகுதி, கொஞ்சம் பொறுமை சோதிக்கும் அளவுக்கு மெதுவாக இருக்கட்டும். ‘ஒரு ஆம்லெட்டுக்கா இவ்வளவு?’ என்று பார்ப்பவர் நெளிய ஆரம்பிக்கும் இடம்தான் சரியான வேகம்.

உச்சரிப்பிலும் ஒரு நுணுக்கம். பேச்சுப் பிரெஞ்சில் அந்தச் சொல் ‘ஓம்லெத்’ என்று இரண்டே அசையில் முடிந்துவிடும். பாட்டில் அப்படி முடியாது. பேச்சில் விழுங்கப்படும் ‘எ’ ஒலிகள் பாட்டில் உயிர்பெற்று ஆளுக்கொரு சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓ-மெ-லெ-த்த என்று சொல் நீண்டுவிடும். நமக்கு ‘ஆம்லெட்’ என்று வல்லினத்தில் வெட்டி முடித்தே பழக்கம். அந்தப் பழக்கத்தோடு பாடினால் கடைசி சுரத்துக்கு எழுத்தே இல்லாமல் போய்விடும். கடைசி அசையை மென்மையாக, மூச்சோடு விட வேண்டும். அழுத்தம் அதற்கு முந்தின ‘லெ’வில்.

அடுத்து வரும் காதல் இருவர் பாட்டு இனிமையாகத்தான் இருக்கிறது. அதைவிட அதிகமாகச் சொல்ல எதுவும் இல்லை. கடைசி நால்வர் பாட்டில், சாகப்போகிறோம் என்ற பீதியும், டாக்டரின் லத்தீனும், பெண்ணுக்கான பேரமும் ஒன்றாகக் கிளம்புகின்றன. லத்தீன் பேசும் போலி வைத்தியர் பிரெஞ்சு மேடையில் நகைச்சுவை நாடக ஆசிரியர் மோலியேர் காலத்திலிருந்தே வரும் பழைய உருப்படி. அவருடைய 1673இன் ‘கற்பனை நோயாளி’யே அப்படிப்பட்ட வைத்தியர் கூத்தோடுதான் முடியும். பாதுவாவும் சும்மா தேர்ந்த ஊர் கிடையாது. மருத்துவப் படிப்புக்குப் பேர்போன பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில், நகர நீதிபதியே லேகியக்காரனிடம் ஏமாறுகிறார். அந்தக் குத்தல் தெரிந்து பார்த்தால் கடைசிக் காட்சி இன்னும் கொஞ்சம் இனிக்கும்.

மேடையேற்ற நினைப்பவர்களுக்குப் பட்டியல் சின்னது: சொப்ரானோ (உச்சக்குரல் பெண்) ஒருவர், மெஸ்ஸோ (நடுக்குரல் பெண்) ஒருவர், டெனர் ஒருவர், கீழ்க்குரல் ஆண் ஒருவர். ஒரே அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு வாசல், தெருவைப் பார்க்கும் ஒரு ஜன்னல். சிறு அரங்கில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் பியானோ தாங்கும். ஆனால் தொடக்கத்து லேகிய வியாபாரியின் ஆரவாரத்தை மட்டும் பியானோவில் விட வேண்டாம். வீட்டையே கலவரப்படுத்தும் சத்தம் அது; ஒரு ட்ரம்பெட்டும் ஒரு ட்ரம்மும் திரைக்குப் பின்னால் இருந்தால்தான் மேடையில் இருப்பவர்கள் பதறுவதற்குக் காரணம் இருக்கும். ஒத்திகை நேரத்தில் பாதியை ஆம்லெட் பாட்டுக்கு ஒதுக்கினால் தப்பில்லை. நாலு குரலும் தனித்தனியாக நுழையும் இடங்களை, தட்டு கையில் இல்லாமல் ஒருமுறை, தட்டோடு ஒருமுறை என்று பழக வேண்டும். தட்டு வந்ததும் கண் கீழே போகும், மோவாய் தாழும், குரல் தொண்டைக்குள் சிக்கும். தட்டை மேசையில் வைக்காமல் மார்புயரத்தில் பாஸ்கென் ஏந்தி நின்றால் நாலு பேரின் தலையும் நிமிர்ந்தே இருக்கும். நடத்துநரும் தட்டுக்கு நேர் பின்னால் கண்ணில் படுவார். (ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர், பஸ் நடத்துநர் இல்லை.)

மேடையில் நிஜ ஆம்லெட் வேண்டாம். முட்டை ஆறினால் வாடை, விளக்குச் சூட்டில் இன்னும் வாடை; மென்றால் வாய் வறளும், துகள் தொண்டையில் நின்றால் அடுத்த சுரம் இருமலாக வரும். பார்வைக்கு மஞ்சள் ஸ்பாஞ்சு அல்லது கம்பளித் துணி போதும். நம் ஊர் வெங்காய ஆம்லெட்போல வட்டமாக, பழுப்புப் புள்ளியோடு செய்யக் கூடாது. பிரெஞ்சு ஆம்லெட் வெளிர் மஞ்சளாக, சிவக்காமல், நீளவாட்டில் சுருட்டி மடித்தது. கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் அந்த நீள உருவம் தெரியும். ஸ்பாஞ்சுக்கு அடியில், கொதிநீரில் நனைத்த பஞ்சு உருண்டை ஒன்றை வைத்து மூடி போட்டுக் கொண்டுவந்தால், மூடியைத் திறக்கும் கணத்தில் ஆவி எழும். பக்கவாட்டு விளக்கு ஒன்று அந்த ஆவியைப் பிடித்துக்கொள்ளும். கூட்டுப்பாட்டின் முதல் ஸ்வரக்கூட்டோடு மூடி திறப்பதும் சேர்ந்துவிட்டால், பாடகர் எதுவும் செய்யாமலே முதல் கைதட்டல் வந்துவிடும். சாப்பிட வேண்டிய துண்டுகளுக்கு வாழைப்பழம் நல்லது. மெல்ல வேண்டாம், துகளாகாது, வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆளுக்கு ஒரு சிறு வில்லை, அதற்குமேல் வேண்டாம்.

வேஷமாற்றம்தான் இந்த நாடகத்தின் கண்ணி. சில்வியோ, பாஸ்கென், டாக்டர் என்று மூன்றும் ஒரே டெனர். அடியில் கேப்டன் உடுப்பு, அதன்மேல் பாஸ்கெனின் தொளதொளச் சட்டை. துரத்தப்பட்டு உள்ளே ஓடியதும் சட்டையைக் கழற்றி, கழுத்திலிருந்து கால்வரை மூடும் டாக்டர் அங்கியை மாட்ட வேண்டும். முடிவில் அங்கியை உதறினால் கேப்டன் தயார். தாடியைப் பசை போட்டு ஒட்ட நேரம் இருக்காது. காதில் மாட்டும் தாடிதான் உதவும். அவசரத்தில் ஒட்டிய மீசை லத்தீன் வேகத்தில் பாதி கழன்று தொங்கும். பாஸ்கெனை அவலட்சணமாக்க ஒற்றைக் கண்ணை மறைத்துக் கட்டும் யோசனை யாருக்கும் வரும். கட்டுங்கள், ஆனால் கறுப்பு வலைத்துணியில் கட்டுங்கள். அழுத்தமான துணியாக இருந்தால், அந்தப் பக்கம் நடத்துநர் இருக்கும்போது டெனர் ஆம்லெட் பாட்டில் ஒரு தாளம் பிந்துவார். பழி சொப்ரானோ தலையில் விழும்.

வசனத்தை வெட்டலாமா என்றால், வெட்டித்தான் ஆக வேண்டும். பாட்டுக்கு நடுவே பேச்சு என்பது இந்த வகையின் இலக்கணம். ஆனால் பிரெஞ்சு தாய்மொழியாக இல்லாத பாடகர்கள் பேசும்போது ஒவ்வொரு வாக்கியமும் இருமடங்கு நீளும். பார்ப்பவர்களின் மொழியில் வசனம், பிரெஞ்சிலேயே பாட்டு என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. கத்தரி வைக்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று: பாஸ்கென் துரத்தப்படுவதற்கும் டாக்டர் நுழைவதற்கும் நடுவில், கடிதம் வந்து வீடே அல்லோலப்படும் பகுதி. வெறும் வளவளப்பாகத் தெரிவதால் முதலில் கை அங்கேதான் போகும். அந்த வளவளப்புதான் டெனருக்குத் தாடி மாட்டக் கிடைக்கும் நேரம். அதை வெட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘ஐயோ, ஐயோ’ என்று நீட்டி நேரம் ஓட்டும் பொதெஸ்தாவைப் பார்ப்பது கொடுமை.

பொதெஸ்தாவின் மனைவி வெரோனிக் பாத்திரத்துக்கு நல்ல நடிகையைப் பிடியுங்கள். அவருக்குப் பாட்டுப் பங்கு குறைவாகப் பட்டாலும், கூட்டுப்பாட்டில் நடுக்குரலை நிறுத்திப் பிடிப்பது அவர்தான். அது ஆடினால் மேலே சொப்ரானோ தனியாகப் பறக்கும், கீழே ஆண்குரல் தனியாக உருளும்.

கேட்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு, புரூனோ அமாதுச்சி நடத்திய பழைய பிரெஞ்சுப் பதிவு இன்றைக்கும் நல்ல தொடக்கம். கிறிஸ்தியான் எதா பியேர் லொரெத், லிலியான் கித்தோன் வெரோனிக், ரெமி கொராஸா சில்வியோ, ரொபேர் மஸார் பொதெஸ்தா. மஸார் யார் என்றால், புகழ்பெற்ற ஓபரா பாடகி மரியா காலஸ் 1964இல் பதிவுசெய்த ‘கார்மென்’னில் காளைச்சண்டை வீரன் எஸ்கமில்லோவாகப் பாடியவர். அங்கே மார்தட்டிப் பாடியவர் இங்கே ஆம்லெட்டைப் பார்த்து அதே மரியாதையோடு பாடுகிறார் என்பதே ஒரு தனி ரசனை. மார்த்தினிக் தீவில் பிறந்த எதா பியேரின் குரல் தெளிவு, கெஞ்சல் பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. நாலு பேருக்கும் பிரெஞ்சு நாக்கில் புரள்வதால் வார்த்தை ஒவ்வொன்றும் காதில் விழுகிறது. இந்த வகை இசைக்கு அதுதான் பாதி உயிர். கார் ஓட்டிக்கொண்டு கேட்கச் சரிப்படாது. முதல் முறை கதைச்சுருக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் மட்டுமே ஆம்லெட் எப்போது வருகிறது என்று தெரியும். முன்னிசை மட்டும் தனியாகவும் கிடைக்கிறது. ஆறேழு நிமிஷம் கேட்டுப் பார்த்து, பிடித்தால் முழுதுக்குப் போகலாம்.

பிஸே இதற்குப் பிறகு 1857லேயே இளம் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பும் பிரெஞ்சு அரசின் ரோமாபுரிப் பரிசை வாங்கி இத்தாலிக்குப் போய்விட்டார். வசனம் எழுதிய லுதோவிக் அலேவிதான் பின்னாளில் இன்னொரு வசனகர்த்தா மெயாக்கோடு சேர்ந்து ‘கார்மென்’னுக்கும் எழுதினார், உறவிலும் அலேவி குடும்பத்து மாப்பிள்ளை ஆனார் பிஸே. லெகோக் 1872இல் ‘மதாம் ஆங்கோவின் மகள்’ மூலம் ஓபரெட்டா உலகில் கொடிகட்டிப் பறந்தார், 1918வரை வாழ்ந்தார். பிஸே 1875 ஜூன் 3ஆம் தேதி, முப்பத்தாறு வயதில் இறந்தார். அன்றைக்கு லெகோக்குக்கு நாற்பத்துமூன்றாவது பிறந்தநாள்.

ஒரு மாலைப்பொழுதை இது ஒன்றை மட்டும் வைத்து நிரப்ப முடியாது. ஜோடி வேண்டும். ஆஃபன்பாக்கின் ‘இரண்டு குருடர்கள்’ பொருத்தம்: அரை மணி நேரம், இரண்டே ஆண்கள், குருடர்போல நடித்துப் பிச்சை கேட்கும் இரண்டு ஏமாற்றுக்காரர்கள், ஒருவர் கையில் ட்ரோம்போன், இன்னொருவர் கையில் மாண்டலின். பூஃப் பாரிஸியான் திறந்த அன்றே மேடை ஏறியது அது. டெனரும் கீழ்க்குரல்காரரும் அதிலும் பாடலாம். ஆள் கூலி மிச்சம். மூன்று குரல் போதும் என்றால் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷப்ரியே 1879இல் எழுதிய ‘தவறிப்போன கல்வி’ இருக்கிறது, இசை இதைவிட நயமானது. பிஸேயின் இன்னொரு ஓரங்கமான ‘ஜமிலே’யை, ஒரே இசையமைப்பாளர் என்பதற்காகச் சேர்க்கிறவர்கள் உண்டு. 1872இல் மேடை ஏறியது, அழகானது, ஆனால் சுபாவம் வேறு. அதன் மயக்கத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஆம்லெட் தட்டு வந்து நின்றால் இரண்டுக்கும் நஷ்டம்.

எதோடு சேர்த்தாலும் வரிசை முக்கியம். விருந்தோடு சேர்ந்த நிகழ்ச்சியாக இருந்தால் ‘மிராக்கிள்’ சாப்பாட்டுக்கு முன்னால் வரட்டும். வயிறு நிறைந்தவர்கள் முன்னால் அந்த மூடியைத் திறந்தால் பாதிச் சிரிப்புத்தான் தேறும்.